எங்க சைடு கிளியர், மேடம்!

தோத்தாபுரி மாம்பழக் கூழ் கொதிக்கிற வாசனை தெரியுமா உங்களுக்கு? முதல் நாள் ஆஹா என்றிருக்கும். நாலாம் நாள் தலைமுடி, துப்பட்டா, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் அதே வாசனை... சாயந்திரம் சித்தூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "கூழ் ஃபேக்டரியாம்மா?" என்பார்.

திருப்பதி ரோட்டில் இருந்த அந்த ஃபேக்டரியில்தான் எனக்கு முதல் வேலை. கம்ப்யூட்டர் ஆள் என்று அங்கே நான் ஒருத்திதான்.

வருகிற லாரியை எடை போட்டு, எந்த ஊர்த் தோட்டம், எத்தனை மணிக்கு வந்தது என்பதை எடைமேடை ரூமில் உள்ள கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அது சென்னைக் கம்பெனி ஒன்று செய்து கொடுத்த டேட்டாபேஸ். அந்த சீசனில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எந்த டின்னைத் தொட்டாலும் அது எந்த ஊர்ப் பழம், எப்போது வந்தது என்று ரிப்போர்ட்டில் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கண்டிஷன். முதலாளி பெங்களூரில் வேறொரு கம்பெனியிடம் ரிப்போர்ட் சாஃப்ட்வேர் வாங்கிவிட்டார். இதையும் அதையும் இணைப்பது மட்டும்தான் என் வேலை.

மட்டும்தான்!

பதினோரு நாள். ஆபீஸ் ரூமிலிருந்து எப்போது தட்டினாலும் "லாகின் ஃபெயில்டு". இணைப்புக்கான டிரைவர் சாஃப்ட்வேரை நான்கு தடவை அழித்துத் திரும்பப் போட்டேன். கேபிளை மாற்றினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். ஊஹூம்.

சென்னைக்கு போன் போட்டால், "எங்க சைடு கிளியர், மேடம். ரிப்போர்ட் கம்பெனிய கேளுங்க."

பெங்களூருக்குப் போட்டால், "மா சைடு ஓகே மேடம். டேட்டாபேஸ்வாள்ளனி அடகண்டி." அவன் தெலுங்கில் சொன்னாலும் அதே பாட்டுதான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் லேண்ட்லைனையும் என் செல்லையும் ஸ்பீக்கரில் போட்டு எதிரெதிரே வைத்தேன். நீங்களே பேசித் தொலையுங்கள்! "சார், ப்ளீஸ் செக் யுவர் சைடு, சார்." "யூ ஃபர்ஸ்ட் செக், சார்." சம்பந்தி வீட்டார் மாதிரி அவ்வளவு மரியாதை... இரண்டே நிமிஷத்தில் தேங்க்யூ சொல்லி வைத்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் நைனா வேறு. "பேசாம பி.எட். சேர்ந்துடும்மா, நம்ம சர்ச் ஸ்கூல்லயே இடம் கீது." முதலாளி இன்னும் தெளிவாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை அந்த வெளிநாட்டு ஆர்டர்காரர்களின் ஆள் வருகிறார், ரிப்போர்ட் வராவிட்டால் வெள்ளிக்கிழமை நீ வராதே.

வியாழக்கிழமையும் வந்தது. ரேணிகுண்டாவில் ஃபிளைட் இறங்கிவிட்டது, கார் கிளம்பிவிட்டது என்று செய்தி. கடைசியாக எடைமேடை ரூமையும் பார்த்துவிடலாம் என்று போனேன். அங்கே கங்காதர நெல்லூர் லாரி டிரைவர் ஒருவர், எடை போடுகிற முனிரத்தினம் சாரிடம் சீட்டை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது? நான் இப்பத்தான் வண்டிய உள்ள உட்டேன். ஒரு மணி நேரம் முன்னாடியே வந்தேன்னு போட்டுக்கினு கீது? இவ்ளோ நேரம் எங்க சுத்திக்கினு இருந்தேன்னு ஓனர் என்னைத் திட்ட மாட்டாரா?"

"அது மொத நாள்லருந்தே அப்டித்தாம்பா..." என்றார் முனிரத்தினம் சார்.

எனக்குத் திக்கென்றது. "மொத நாள்ல என்ன சார் ஆச்சு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கெழமம்மா. ஏழரைக்கு முன்னாடி மொத சீட்டு போடணும்னு மொதலாளி தேங்கா, கற்பூரத்தோட நின்னுக்கினு இருந்தாரு. லாரி பஞ்சராயி எட்டு மணிக்குத்தான் வந்துச்சி. ராகுகாலத்துல மொத சீட்டு போட்டா சீசன் வெளங்குமா? அதான் கம்ப்யூட்டர் டைம ஏழுக்குத் தள்ளி வச்சேன்."

"அப்புறம் மாத்தலையா?"

"நல்லாத்தானே ஓடிக்கினு கீது, எதுக்குக் கைய வைக்கணும்னு உட்டுட்டேன்."

அடக் கடவுளே! இரண்டு கம்ப்யூட்டரின் நேரமும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒன்று மற்றொன்றை உள்ளே விடாது. இரண்டு கம்பெனிக்காரர்களும் அனுப்பிய லிஸ்டில் "நேரம் சரியாக உள்ளதா?" என்ற கேள்வி இருந்தது. என் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே இரண்டிலும் "ஆம்" என்று எழுதியவள் நான். நாற்பது அடி நடந்திருந்தால் போதும். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நேரத்தைச் சரிசெய்தேன். லாகின் ஆனது. பழைய பதிவுகள் எல்லாவற்றிலும் ஒரு மணி நேரத்தைக் கூட்டினேன், முதல் சீட்டைத் தவிர. அதை மட்டும் தொட வேண்டாம் என்று முனிரத்தினம் சார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வந்த ஆள் ஒரு டின்னைத் தொட்டார். "கங்காதர நெல்லூர்" என்று ஊர், நேரம் எல்லாம் திரையில் வந்து நின்றது.

"என்னம்மா பிரச்சனை இருந்துச்சி?" என்று முதலாளி கேட்டார். முனிரத்தினம் சார் தரையைப் பார்த்தார். "ஒயர் லூசு சார்" என்றேன்.

இப்போது திருப்பதியில் இதே வேலைதான், பெரிய டீமோடு. எல்லாம் கிளவுட். இரண்டு கிளிக்கில் இணைந்துவிடுகிறது. இணையாத அன்றைக்கு அதே "எங்க சைடு கிளியர்", இப்போது புகார் டிக்கெட் நம்பரோடு. எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் நாற்பது அடி நடந்து பார்க்க அந்த ரூம்தான் இல்லை. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறதோ...

போன வாரம் நைனா ஆபீசுக்கு வந்திருந்தார். சர்ச் சபையில் மூப்பர் அவர். என் மேஜையில் தினசரி காலண்டரில் ராகுகாலத்தைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருந்ததைப் பார்த்து முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது? எப்பலருந்து இதெல்லாம் நம்ப ஆரம்பிச்ச?"

"நான் நம்பல நைனா. அந்த நேரத்துல புது சிஸ்டம் ஸ்டார்ட் பண்ணச் சொன்னா, யாராவது போய் கடிகாரத்துல கைய வச்சிடுவாங்க."