சரிவில் நின்ற கேரவன்

எங்கள் படகுத்துறையில் இருபத்திரண்டு வருடமாக ஐஸ் உடைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவளுக்கு ஊர் வைத்த பெயர் வெடி. முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளும் திரும்பிப் பார்ப்பாள். ஐம்பது கிலோ பாளத்தைக் கொக்கியில் மாட்டி ஒற்றைக் கையால் இழுத்து வருவாள். வாய் அதைவிட வேகம்.

நான்கு வருடத்துக்கு முன் ஊரில் வாந்திபேதி பரவியபோது, எங்கள் துறை மீன் என்றாலே வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மீனைக் கொட்டி ஏலம் விடுகிற சிமெண்டுச் சரிவில்தான் கண்ட கண்ட வண்டியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டிகளைத் தடுக்கச் சொல்லி வெடி நகராட்சி வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாள் சரிவின் தலைப்பில் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். அதற்குக் காவலாள் வேண்டும் என்றதும், சும்மா திரிந்துகொண்டிருந்த தன் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்தியவளும் அவள்தான். நாலு வயதில் தாயை இழந்தவன். அவள் இடுப்பில் வளர்ந்தவன்.

அந்தச் சங்கிலியைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி அவிழ்த்துவிட்டான்.

வந்தது ஒரு கேரவன். படுக்கை, அடுப்படி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த வீட்டு வண்டி. ‘மீனவர் ஊரில் ஒரு நாள்’ என்று பக்கவாட்டில் எழுதியிருந்தது. ரிவர்ஸில் இறங்கி, சரிவின் நட்டநடுவில், கடலைப் பார்த்த ஜன்னலோடு நின்றது. ஆறு பேர் இறங்கினார்கள். கூட்டி வந்த வழிகாட்டி கழுத்தில் விசில் தொங்கியது. ஒருவர் வெடியிடம் வந்து கேமராவைத் தூக்கினார்.

“அந்தக் கொக்கியத் தோள்ல வச்சுக்கிட்டுக் கொஞ்சம் சிரிங்கம்மா.”

“எனக்கு வேலை இருக்கு. உங்க வண்டிய எடுக்கச் சொல்லுங்க, அப்புறம் சிரிக்கறேன்.”

தம்பி ஓடி வந்தான். “அக்கா, சத்தம் போடாத. கொஞ்ச நேரம் ஷெட்டுக்குள்ள போய் நில்லு. அவங்க படம் எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

வெடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வழக்கமாக அவள் வெடிக்கிற இடம் அது. ஆனால் அன்று திரும்பி ஐஸ் ஷெட்டுக்குள் போனாள்.

வழிகாட்டி ஆட்களைப் படகு காட்ட அழைத்துப் போனான். டிரைவர் மட்டும் நின்றான். அவன் குனிந்து வண்டிக்கு அடியில் ஏதோ பிடியை இழுத்தான். கழிப்பறைத் தொட்டி மொத்தமும் சரிவில் கொட்டி, பரவி, கீழே ஓடியது. இன்னும் அரை மணியில் படகுகள் வந்து மீன் கொட்ட வேண்டிய இடம்.

ஷெட்டிலிருந்து வெடி ஓடி வந்தாள். “டேய், என்னடா பண்ற!”

“கடலுக்குத்தானம்மா போகுது. கடல் என்ன சின்னதா?”

வெடி கொக்கியை எடுத்தாள். முதல் பாளத்தை இழுத்து வந்து முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தாள். அடுத்தது, அதற்கு அடுத்தது. டிரைவர் கத்தக் கத்த, வண்டியின் மூக்குக்கு முன்னால் பதினான்கு பாளம் இரண்டடுக்காக ஏறிவிட்டது. முன்னால் ஐஸ் சுவர், பின்னால் கடல். மூச்சு வாங்கியது, கை சிவந்து மரத்துப்போனது, அவள் நிறுத்தவில்லை.

வழிகாட்டி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தான். “போலீசக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடு. வரும்போது மூக்க மூடிக்கிட்டு வரச் சொல்லு.”

அதற்குள் முதல் படகு வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் படகில் இருந்தவர்கள் மீனை இறக்க மறுத்து வரிசையாக வந்து நின்றார்கள். வழிகாட்டியின் குரல் இறங்கியது. கேரவனில் வந்தவர்களில் ஒரு வயதான பெண் மட்டும் முன்னால் வந்தார்.

“எங்களுக்குத் தெரியாதும்மா, மன்னிச்சிடுங்க.”

“உங்களுக்குத் தெரியாது, சரி. இவனுக்குத் தெரியும்ல?” வெடி திரும்பித் தம்பியைக் காட்டினாள். அப்போதுதான் குரல் உடைந்தது. “ஊரு வாந்தி எடுத்தப்போ நீயும்தானடா படுத்துக் கிடந்த! வாளி வாளியா அள்ளிக் கொட்டினவ நான்டா!”

“ஊருக்கு நாலு பேர் வந்தா நல்லதுதானேன்னு... ஒரு நாள்தானேக்கா...”

அவன் துடைப்பத்தை எடுக்கக் குனிந்தான். அவள் பிடுங்கி டிரைவர் கையில் திணித்தாள்.

“நீ தொடாத. நீ போய் ஏல மைக்கப் பிடி. யாரு அவுத்துவிட்டதுன்னு எல்லாப் படகுக்கும் கேக்கற மாதிரி சொல்லு.”

அவன் கெஞ்சினான். அவள் அசையவில்லை. கடைசியில் ஒலிபெருக்கியில் அவன் குரல் துறை முழுக்கக் கேட்டது: “நான்தான் அவுத்தேன். தப்பு என்னுது.” படகுகளில் யாரும் சிரிக்கவில்லை.

டிரைவரும் வழிகாட்டியும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள். வெடி குழாயைப் பிடித்துக்கொண்டு, “அங்க பாரு, அந்த மூலை” என்று நின்றாள். மூன்று முறை கழுவிய பிறகுதான் பாளத்தை நகர்த்தவிட்டாள். மதியம் ஒரு மணிக்கு வண்டி போனது. அன்று படகிலேயே காத்துக் கிடந்து பாதி மீன் கெட்டுப்போனது; அந்த நஷ்டத்துக்கும் சில படகுக்காரர்கள் அவளைத்தான் திட்டினார்கள். அவளும் திருப்பித் திட்டினாள்.

மறுநாள் நகராட்சியில் புகார் எழுதிக்கொடுத்தாள். தம்பியின் பெயரை அவளே எழுதினாள். அவனை ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றினார்கள். தினமும் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தான்.

எட்டு மாதம் பேச்சில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே சுவர். ஒரு நாள் தம்பி பெண்டாட்டி வந்து வாசலில் நின்றாள்.

“அண்ணி, அவர் சரியா சாப்பிடறதே இல்ல. இன்னும் உங்களுக்குக் கோவம் போகலையா?”

வெடி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“போகலை. போறப்ப நானே வந்து சொல்றேன். நீ அவனுக்கு இந்தக் குழம்பக் கொண்டுபோய்க் குடு. நான் வச்சதுன்னு மட்டும் சொல்லாத.”