எங்கள் மேனேஜர்களும் பின்பக்க மல்லாட்டைக் கொல்லையும்

எங்கள் கம்பெனிக்கு மேனேஜராக வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. பழைய பிழைப்பை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். விருத்தாசலத்தில் இருந்த சின்னச் சின்னப் பீங்கான் கம்பெனிகளில் எங்களுடையதும் ஒன்று. ஊறுகாய் ஜாடியும் கொலு பொம்மையும் செய்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. பிளாஸ்டிக் டப்பா வந்து ஜாடியை ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. நான் பில் போடும் மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தேன்.

முதல் மேனேஜர் ஸ்வீட் கடை நடத்தியவர். யார் உள்ளே வந்தாலும், "சும்மா ஒண்ணு எடுத்துப் பாருங்க" என்று ஒரு பொம்மையைக் கையில் கொடுத்துவிடுவார். கடையில் ஒரு துண்டு மைசூர்பாகு கொடுத்தால் ருசி பார்த்தவர் ஒரு கிலோ வாங்குவார், சரி. ஓசியில் பிள்ளையார் கிடைத்தவர் இன்னொரு பிள்ளையாரை எதற்குக் காசு கொடுத்து வாங்கப் போகிறார்? தபால் கொண்டுவருபவர் வீட்டில் கொலு வைக்கிற அளவுக்குப் பொம்மை சேர்ந்துவிட்டது. தங்கமான மனுஷர்தான். முதலாளி ஒரே வருஷத்தில் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார்.

அடுத்தவர் கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்ணாடம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் சாறு போய்விடும் என்ற பயம் அவர் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. ஈர ஜாடிகள் பலகையில் வரிசையாகக் காய்வதைப் பார்த்தாலும் அவருக்கு அதே பதைப்புதான்.

"ஏம்மா, சரக்க இப்படிப் போட்டு வச்சா என்னாத்துக்கு ஆவறது? சூளையில ஏத்தச் சொல்லு!"

"சார், அது காயணும் சார்."

"சூளைக்குள்ள போயி காயட்டும்!"

ஈரத்தோடு உள்ளே போன ஜாடிகள் படார் படாரென்று வெடித்தன. உடைந்ததை அள்ளிக் கம்பெனிக்குப் பின்னால், மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலை நிலத்துக்கு, இந்தப் பக்கம் கொட்டினோம். மறுபடி ஏற்றினார், மறுபடி கொட்டினோம். மழைக்கு அந்தக் குவியல் சரிந்து ரோட்டில் கிடக்க, சைக்கிளில் போனவர்கள் டயர் கிழிந்து எங்கள் வாசலில் வந்து நின்று திட்டினார்கள். அவரும் மூட்டையைக் கட்டினார்.

முதலாளி சென்னையிலிருந்து வந்தார். குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவருகிட்ட எதுத்துப் பேசுனது நீ ஒருத்திதானாமே? இனிமே நீயே பாத்துக்க" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாக்கியத்தில் இறக்கிவிட்டார்.

"பின்னாடி ஒரு மல்லாட்டைக் கொல்ல இருக்குதுல்ல, அத வாங்கிப் போடு. உடைஞ்சது பூரா அதுல கொட்டிக்கலாம். உன்னால முடியலன்னா சொல்லு, முடியற ஆளா பாத்துக்கறேன்."

அவர் அப்பா சென்னையில் நிலத் தரகர். மகனுக்கு எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதான், ஒரு இடம் வாங்கிப் போடுவது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்மாபுரம் பக்கம் எங்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். வேறு இடத்தில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் அப்பா காலையில் எழுந்து, "நிலத்துக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்புவார். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். அம்மா டீ கொடுப்பாள். அதைப் பார்த்து வளர்ந்தவளிடம் போய் இன்னொருத்தர் நிலத்தை வாங்கிக் குப்பை கொட்டு என்றால்?

இருந்தாலும் போனேன். கொல்லைக்காரம்மா புருஷனை இழந்தவர். ஒரே மகள், பன்னிரண்டாவது படித்தாள். அவித்த மல்லாட்டையை ஒரு தட்டில் வைத்துவிட்டு, "நானே உங்கள வந்து பாக்கணும்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க, எனக்குத் தெரியும்" என்றேன். "பயப்படாதீங்க. நான் இருக்குற வரைக்கும் உங்க நிலத்துல எங்க கம்பெனி கால் வைக்காது. இது என் வாக்கு!"

அந்தம்மா வாயைத் திறந்தபடி பார்த்தார். நன்றியில் பேச்சு வரவில்லை என்று நினைத்து அவர் கையை அழுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலாளி போனில் குதித்தார். "அப்ப அந்தக் குவியல உன் வூட்டுக்கா எடுத்துட்டுப் போவ?" பொங்கல் வரைக்கும் தவணை, அதற்குள் குவியல் போகவில்லை என்றால் நான் போக வேண்டும். எனக்கு வந்த ரோஷத்தில் ஒன்றுக்கு இரண்டாக வேலை நடந்தது. ஜாடிகளை நன்றாகக் காயவிட்ட பிறகுதான் சூளையில் ஏற்றவிட்டேன்; உடைசல் வெகுவாகக் குறைந்தது. பழைய குவியலைப் பார்க்கக் கட்டட மேஸ்திரிகளைக் கூப்பிட்டேன். மொட்டை மாடியில் வெள்ளைப் பீங்கான் உடைசல் பதித்தால் வீடு சூடேறாது என்று ஆளாளுக்கு டிராக்டர் கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். திட்டக்குடி வரைக்கும் எங்கள் உடைசல் போனது. பொங்கல் வந்தபோது கம்பெனியின் பின்பக்கம் வெறும் மண் தெரிந்தது, என் நாற்காலியும் தப்பியது. அந்தக் கொல்லையை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் வந்து பார்க்கிறேன், கொல்லை முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கல். எந்தப் பாவி அந்தம்மாவை ஏமாற்றினான் என்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே அவரே கல்யாணப் பத்திரிகையோடு உள்ளே வந்தார்.

"பொண்ணுக்கு மாதா கோயில்ல கல்யாணங்க, அவசியம் வந்துடணும்."

"என்னங்க இது, நிலத்த வித்துட்டீங்களா?"

"வித்துதாங்க பண்றேன். அவளுக்கு நர்ஸு படிக்க ஆச இருந்துது, நடக்கல. அன்னிக்கு நீங்க வூட்டுக்கு வந்தப்ப, கம்பெனி வாங்கிக்கும், அவள காலேஜுல சேத்துடலாம்னு ஆசையா இருந்தேன். நீங்கதான் என்னப் பேசவே உடலியே."

ஜன்னல் வழியாக மஞ்சள் கல்லைப் பார்த்தபடி சொன்னேன். "எங்க அப்பா நிலம் போனப்போ யாரும் வந்து, உங்க நிலத்துல கால் வைக்க மாட்டோம்னு சொல்லலங்க..."

அந்தம்மா கோபப்படவில்லை. பத்திரிகையை என் மேசையில் வைத்து, அதன் மேல் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிறக் காகிதப் பூவைச் சரி செய்தார்.

"அது சரிங்க. ஆனா இது என் நிலம் இல்லியா?"