கரண்டுக் கம்பியில் மடிப்புடவை

1. ஒப்பித்த பாடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு நாங்கள் கரண்டு இழுத்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ஊர் தென்னூர், பெயர் காதர் மொய்தீன், வேலை வயர்மேன், வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே ஃபோர்மேன் கூப்பிட்டுச் சொன்னார்:

"லைட்டை எரிய விட்டுட்டு வந்தா போதாதுய்யா. கம்பியை யாரும் தொடக்கூடாதுன்னு வீட்டுக்கு வீடு சொல்லிட்டு வரணும்."

நானும் விடாமல் சொன்னேன். "மழையிலயும் தொடாதீங்க, வெயில்லயும் தொடாதீங்க. வருஷம் முன்னூத்தறுபத்தஞ்சு நாளும் யாருமே தொடாதீங்க." கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். அடேயப்பா, எவ்வளவு சமர்த்தான ஜனங்கள் என்று பூரித்துப் போனேன். கரண்டு என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2. விளக்கு மினுக்கிய வீடு

மூன்று மாதம் கழித்து ஒரு வீட்டிலிருந்து கம்ப்ளெய்ன்ட். விளக்கு மினுக்குகிறதாம். நானும் லைன்மேன் அந்தோணியும் காலையில் போனோம். எங்களுக்கெல்லாம் கொல்லைப்புறச் சந்து வழிதான். அந்தோணி சந்திலிருந்த கரண்டு போஸ்டில் ஏணியைச் சாத்தினான். நான் கொல்லைக் கதவைத் திறந்தேன்.

போஸ்டிலிருந்து சுவருக்குப் போகும் சர்வீஸ் வயரில் ஈரம் சொட்டச் சொட்ட ஒன்பது கஜப் புடவை தொங்குகிறது. தினமும் மூங்கில் கோலால் தள்ளித் தள்ளி வயரின் மேலுறை பிய்ந்து, செம்பு பளபளக்கிறது. வீட்டுக்கார அம்மாள் ரங்கநாயகி, நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று, கோலைச் சுவரில் சாத்திவிட்டு, சுருண்டிருந்த முந்தானையை இழுத்துவிடக் கையை நீட்டுகிறார்.

"அம்மா! தொடாதீங்க! ஷாக் அடிக்கும்!"

"கிட்ட வராதேடாப்பா, மடியா இருக்கேன்," என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். மடி என்றால் குளித்து வந்தவரையும் துவைத்துப் போட்ட துணியையும் வேறு யாரும் தொடக்கூடாது.

"கரண்டுக் கம்பிம்மா அது! அதுல போய் ஏன் போட்டீங்க?"

"நீதானே சொன்னே, வருஷம் பூரா அதை யாரும் தொடப்படாதுன்னு? இந்தாத்துக் குழந்தைகள் எல்லாக் கொடியையும் தொட்டுடறதுகள். இது ஒண்ணுதான் ஒருத்தர் கையும் படாம இருக்கு."

என் பாடம் எனக்கே திரும்பி வந்தது. அவர் விரலுக்கும் முந்தானைக்கும் ஒரு சாண்கூட இல்லை. இனி விளக்கம் சொல்ல ஏது நேரம்? இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவரைத் தொடுவதுபோல நேரே ஓடினேன்.

"ஐயையோ, பெருமாளே!" என்று அவர் கிணற்றடி வரைக்கும் பின்வாங்கினார். நான் புடவைக்கு முன்னால் காவல் நின்றுகொண்டு, "அந்தோணி, ஃபியூஸைப் புடுங்குடா!" என்று கத்தினேன். அவர் என்னைத் திட்டிய திட்டில் தெருவே கொல்லைக்கு வந்துவிட்டது. உயிரைக் காப்பாற்றப் போனவனுக்கு இந்த மரியாதையா என்று எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

3. புதுக் கொடி

ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு செம்பு தெரிந்த இடத்தைக் காட்டி, கரண்டு ஈரத்தில் எப்படி இறங்கும், ஆளை எப்படிப் பிடிக்கும் என்று முதல் தடவையாக ஒழுங்காகச் சொன்னேன். வயரை மாற்றினோம். எதிர்ச் சுவரில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இரண்டு கொக்கி அடித்து மூங்கில் கொடியும் கட்டிக் கொடுத்தோம். அது கம்பெனி வேலை இல்லைதான்.

அன்றிலிருந்து எந்த வீட்டில் லைன் இழுத்தாலும் முதலில் நான் கேட்பது, "துணி எங்கே உலத்துவீங்க?" வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஏன் என்று சொல்லுங்கள். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள்.

அடுத்த மாதம் அதே வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போனேன். ரங்கநாயகி அம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கம்பியைக் காட்டி, ஈரம் எப்படிக் கரண்டைக் கொண்டுவரும் என்று என்னைவிட நன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

"அன்னிக்கு உன்னை ரொம்ப வைதுட்டேன்டாப்பா. நீ தொட்டிருந்தா ஒரு ஸ்நானத்தோட போயிருக்கும். நான் அதைத் தொட்டிருந்தா நானே போயிருப்பேன்."