எழுபது பவுண்டு வில்

2007 செப்டம்பர், ஒரு சனிக்கிழமை காலை 8.40. தென்லண்டன் மோர்டனில் நேசனின் வீட்டு வாசலிலிருந்து காரில் புறப்பட்டோம். போகுமிடம் நகரத்தின் வட கோடியில் எட்மண்டன், ஏறக்குறைய பதினெட்டு மைல். வாங்கப் போகும் பொருள், வேட்டை வில். திருச்சியிலிருந்து லண்டன் பார்க்க வருகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள். எனக்கு வாய்த்தது வில் கடை. குறையாகச் சொல்லவில்லை.

நேசன் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் ஏழு மாதம் குடியிருந்துவிட்டு டென்மார்க் போனார். அங்கிருந்து பிறகு லண்டன் வந்து, இப்போது மோர்டனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். டென்மார்க்கில் அவருக்கு முதல் வேலையும் படுக்க ஓர் அறையும் கொடுத்தவர் ஹென்ரிக் என்ற தச்சர். இருவரும் வேட்டைத் தோழர்கள். இப்போது ஹென்ரிக்கின் கை நடுங்குகிறது. "இந்த முறை என் வில்லுக்குப் பதில் உன் வில். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்" என்று எழுதியிருந்தார். துப்பாக்கிக்கான உரிமம் நேசனிடம் உண்டு. வில்லுக்கு டென்மார்க்கில் தனித் தேர்வு, வருகிற வியாழக்கிழமை. அதில் தவறினால் இந்தப் பருவம் போயிற்று. அடுத்த பருவத்தில் ஹென்ரிக் காடு வரை நடப்பாரா என்பது யாருக்கும் தெரியாது.

9.30. வாக்ஸ்ஹால் பாலம். சனிக்கிழமை என்பதால் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் நெரிசலுக்கு விடுமுறை கிடையாது.

"அண்ணை, கடைக்காரரிட்டை வடிவா விளக்கிச் சொன்னனீங்கள்தானே?"

"நான் பேசினா தப்பு வருமா நேசன்?"

நேசனின் ஆங்கிலத்தில் டேனிஷ் வாடை அடிக்கும். முப்பது வருடம் வங்கியில் ஆங்கிலக் கடிதம் எழுதியவன் என்ற மிதப்பில், தொலைபேசியில் நானே பேசியிருந்தேன். எடுத்த பெண் எத்தனை பவுண்டு வேண்டும் என்று கேட்டாள். ஐம்பதும் இருக்கிறதாம், எழுபதும் இருக்கிறதாம். இவ்வளவு மலிவா என்று வியந்து, "எழுபதே எடுத்து வையுங்கள்" என்று தாராளமாகச் சொல்லிவிட்டேன்.

10.20. தொழிற்கூடங்கள் நடுவே தகரக் கூரை போட்ட கடை. தொலைபேசியில் பேசிய லிண்டாவே கடைக்காரி, நாற்பது வயதிருக்கும். எடுத்து வைத்த வில்லை நீட்டினாள். அதில் தொங்கிய விலைச் சீட்டில் 380 பவுண்டு என்றிருந்தது. எழுபது எங்கே என்று சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

நேசன் நாணை இழுத்தார். ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. அரிசி மூட்டை தூக்கித் தூக்கிப் பழுதான வலது தோள் அவருடையது. முகம் சிவந்ததே தவிர நாண் அதற்கு மேல் அசையவில்லை.

"எழுபதுதானே கேட்டீர்கள்?" என்றாள் லிண்டா.

நேசன் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, எழுபது றாத்தலே கேட்டனீங்கள்?"

அவர்கள் ஊரில் எடைப் பவுண்டுக்கு றாத்தல் என்று பெயர். இழுக்க வேண்டிய பலத்தின் கணக்கை நான் விலை என்று நினைத்து உயர்த்திக் கேட்டிருக்கிறேன். "விலைன்னு நெனச்சுட்டேன்பா" என்றேன். நிலம் பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

ஐம்பது பவுண்டு வில்லை அன்று காலைதான் வேறொருவர் வாங்கிப் போயிருந்தார். லிண்டா திருகாணிகளைத் தளர்த்திப் பார்த்தாள். எழுபது அறுபதாகும், அதற்கு மேல் குறையாது என்றாள். அறுபதையும் நேசனால் இழுக்க முடியவில்லை.

"வியாழக்கிழமைக்குள்ளை வேறை எங்கை தேடுறது" என்று முணுமுணுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்நாட்டில் வில்லால் வேட்டையாடுவது குற்றமாயிற்றே என்று லிண்டா சந்தேகமாகப் பார்த்தாள். வேட்டை டென்மார்க்கில்தான் என்று விளக்கி, நேசன் ஹென்ரிக்கின் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். டேனிஷ் வாடையோடு சொன்ன அந்த ஆங்கிலம் அவளுக்கு நன்றாகவே புரிந்தது. உள்ளே போய், கைப்பிடி தேய்ந்த ஒரு வில்லோடு வந்தாள். அவளுடைய சொந்த வில். ஐம்பது பவுண்டு.

அதைக் கையில் கொடுத்துத்தான் எனக்கும் சேர்த்து விளக்கினாள். சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடும். இதன் இரு முனையிலும் சக்கரங்கள் உண்டு. அவை முழு வட்டமல்ல, கோணல் வட்டம். அதனால் நடுவழியில் பாரம் உச்சிக்குப் போய், கடைசியில் சட்டென்று குறைந்துவிடும். காவிரிப் பாலத்துக்குச் சைக்கிளில் ஏறி இறங்குவது போல என்று புரிந்துகொண்டேன். ஐம்பது இழுத்தவர் கடைசியில் தாங்குவது பத்துப் பதினைந்துதான். மான் பக்கவாட்டில் திரும்பும் வரை கை நடுங்காமல் காத்திருக்கலாம். அம்பில்லாமல் மட்டும் நாணை விடவே கூடாது. வில் உடைந்துபோகும்.

பிறகு நேசனின் இரு கைகளையும் விரிக்கச் சொல்லி நாடாவால் அளந்து, சக்கரத்தில் ஒரு துண்டை மாற்றிப் பொருத்தினாள். இழுக்கும் நீளம் ஆளுக்கு ஆள் வேறாம். அவரை முக்காலியில் உட்கார வைத்தாள். "வில்லை மேலே தூக்காமல், உட்கார்ந்தபடியே நேராக இழுக்க முடிந்தால் அது உங்கள் வில். எழுபது என்பது ஆண்களின் வீம்பு" என்றாள். சொன்னது அவரிடம், பார்த்தது என்னை.

நாண் வாயோரம் வரை வந்து நின்றது. கடையின் பின்னால் இருபது கெஜத்தில் இலக்கு. மூன்று அம்புகள், மூன்றும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள்.

"நூற்றெண்பது பவுண்டு" என்றாள் லிண்டா.

"விலையா, எடையா?" என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. சொந்த வில்லையே எடுத்துக் கொடுத்த அந்த மனுஷியை நான் மறக்கமாட்டேன்.

12.30. திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கோ அண்ணை. திருச்சியிலை வந்திறங்கி வாடகை எவ்வளவு எண்டு கேட்டன். முதல்லை சாப்பிடுங்க எண்டனீங்கள். அண்டைக்கும் நான் கேட்டதுக்குச் சரியான பதில் வரேல்லை" என்று சிரித்தார்.

புதன்கிழமை நான் ஊருக்கு விமானம் ஏறினேன். வெள்ளிக்கிழமை மாலை திருச்சி வீட்டில் தொலைபேசி ஒலித்தது. டென்மார்க்கிலிருந்து நேசன்.

"சோதினை பாஸ் அண்ணை! ஹென்ரிக் உங்களோடை கதைக்க வேணுமாம்."

மெதுவான, நடுங்கும் ஆங்கிலம் ஒன்று கேட்டது. "இவன் என்னிடம் வந்து சேரும் வரை பத்திரமாக வைத்திருந்தது நீங்கள்தானாமே. இத்தனை வருடமாக நன்றி சொல்லக் காத்திருந்தேன்."

முப்பது வருட வங்கி ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட எனக்கு வாய்க்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று தமிழில் கேட்டேன்.