மூன்றாவது நாக்கு

எஞ்சினுக்குப் பல் கட்டுகிற ஆள் ஒருவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறாராம் என்ற செய்தி பல்செட்காரரின் காதுக்கு வந்தது முடிவெட்டும் கடையில். கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, அசையக்கூடாத நிலையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க தெரு டிரைவர் சொன்னான். டீசல் எஞ்சின் தலையைக் கழட்டிக் கொண்டுபோய்க் குடுத்தா, பல் டாக்டர் மாதிரி உள்ள விட்டுக் குடைஞ்சு சொத்தையெல்லாம் எடுத்துடறாராம். அப்புறம் வண்டி இருமறதே இல்லையாம்."

"ஆளு கொஞ்சம் ஒரு மாதிரியோ?" என்றார் கத்தரிக்கோல் பிடித்தவர்.

"ஆமாங்க, நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்றார் பல்செட்காரர், கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி.

வார நாட்களில் அவர் பிழைப்பு பொய்ப்பல். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து, முகம் தெரியாதவர்களுக்குச் சிரிப்புச் செய்து கொடுப்பார். சனிக்கிழமையானால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கார் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார். அங்கே மேஜைமேல் ஏதாவது ஒரு சிலிண்டர் ஹெட் மல்லாந்து கிடக்கும். எஞ்சினுக்கு மூடியும் அதுதான், மூக்கும் அதுதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று உள்ளே போக ஒரு வழி, புகை வெளியே வர ஒரு வழி. வார்த்து எடுத்தபோது இருந்த பிசிறும் திட்டும் அந்த வழிகளில் அப்படியே இருக்கும்; விரலை விட்டால் தட்டுப்படும். அவற்றை ராவி, காற்று முட்டாமல் மோதாமல் போகும்படி செய்வதுதான் அவருடைய சனிக்கிழமை. கையிலிருக்கும் கருவி, பல்செட் ராவும் மிஷினுக்கு அண்ணன் முறை.

ஊருக்கெல்லாம் பல் செய்பவருக்கு மேல்வரிசையில் ஒன்று இல்லை. கேட்டால், "காத்து போக ஒரு வழி வேணாமா?" என்பார். பதற்றம் வந்தால் அந்த இடைவெளியில் சன்னமாக ஒரு சீழ்க்கை கிளம்பும். அவருக்கு அது கேட்காது. வீட்டில் உள்ள மற்ற எல்லோருக்கும் கேட்கும்.

வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவரே ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறார். மேலே ஹெட், கீழே மனைவியின் வேக்குவம் கிளீனர், பக்கவாட்டில் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் வாய் கொப்பளிக்கும் சிவப்பு மருந்து. மிஷின் காற்றை இழுக்கும்போது வழி குறுகலாக இருந்தால் சிவப்பு மேலே ஏறி நிற்கும். வழி தாராளமானால் கீழே இறங்கும். அது இறங்க இறங்க இவர் முகம் மலரும்.

"வீடு பெருக்க வாங்கினது, எஞ்சினுக்கு மூச்சு புடிச்சு விட்டுக்கிட்டு இருக்கு" என்பது மனைவியின் நிரந்தரப் புகார்.

கடைசியில், பல் அச்சு எடுக்கும் ரப்பர் கூழை அந்த வழிக்குள் ஊற்றிவிடுவார். இறுகியதும் பிடித்து இழுத்தால் ஓட்டையின் உருவம் முழுசாக வெளியே வரும், இளஞ்சிவப்பாக, நாக்கைப்போல. கொட்டகை அலமாரியில் அப்படி நாலு நாலாக நாக்குகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். மீட்டர் பார்க்க வருபவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல்தான் எழுதிக்கொண்டு போவார்.

முதன்முதலில் அவர் கைவைத்தது சொந்தக் காரில். உள்ளே, வால்வுக்குச் சற்று மேலே, ஒரு மேடு இருந்தது. சொத்தையைப் பார்த்ததுபோலக் கை துறுதுறுத்தது, வழித்து எடுத்துவிட்டார். சிவப்பு மருந்து விறுவிறுவென இறங்கியது. மனைவியைக் கூப்பிட்டு வந்து காட்டினார். காற்றைச் சுழற்றி விடுவதற்காகத்தான் அந்த மேட்டை வைத்திருக்கிறார்கள், சுழலாத காற்றில் டீசல் ஒழுங்காக எரியாது என்பதெல்லாம் கார் கரும்புகை கக்கிக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகு தெரிந்தது. "கிளம்பறப்ப ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், துணியை எடுத்துடறேன்" என்று எதிர்வீட்டம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இந்தக் கதையை அவர் யார் வந்தாலும் நடித்தே காட்டுவார். முடிவில், "வண்டிக்கு மூச்சு நல்லா வந்துச்சு, மூளைதான் இல்ல. யாருக்குன்னு கேக்காதீங்க" என்பார். அவரை யாராவது கிண்டல் செய்வதற்குள் அவரே செய்து முடித்துவிடுவது ஒரு தற்காப்பு.

அப்படிப்பட்டவரிடம்தான் மனைவியின் தம்பி தன் வேனின் ஹெட்டைக் கொண்டுவந்து இறக்கினான். தரை ஓடு ஏற்றுகிற வேன். ஓடு வேண்டியவர்கள் எல்லாம் ஊருக்கு வெளியே மேட்டுச் சாலைக்கு மேலே புது வீடு கட்டுகிறவர்கள்.

"மாமா, சைக்கிள்ல வர்றவன் ஜன்னல் பக்கம் வந்து மணி என்னன்னு கேக்கறான். நான் பதில் சொல்றதுக்குள்ள முந்திப் போயிடறான்."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் சிரிப்பாக இல்லை. வர்ற சனிக்கிழமை முழுப்பாரத்தோடு வண்டி மேட்டில் ஏறியாக வேண்டும்; இல்லையென்றால் மேட்டு நடையை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவதாக ஓடு விற்கும் கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த நடையில்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"என் தம்பி பொழப்புல உங்க கைவரிசையக் காட்டாதீங்க" என்றாள் மனைவி.

"வால்வு மேல இருக்கற மேட்டைத் தொடவே மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், மேட்டைத் தொடவில்லை. மூன்றாவது சிலிண்டருக்குக் காற்று போகும் வழியில், அந்த மேட்டுக்குக் கீழே காற்று திரும்பும் வளைவில்தான் கை நிற்கவில்லை. "ஒரு இழை" என்று சொல்லிக்கொண்டார். பிறகு, "இன்னும் ஒரே ஒரு இழை." இதுவரை அவர் கெடுத்தவை எல்லாம் இந்த இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு கெட்டவை. கனமாக உறுமிக்கொண்டிருந்த கருவியின் சத்தம் சட்டென்று மெலிந்து, காலி டப்பாவைச் சுரண்டுவதுபோல ஆயிற்று. கையை எடுத்தார். ராவிய வழியின் இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிற இடம்; சுவர் விட்டுக்கொடுத்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். சுவர் எவ்வளவு மிச்சம்? பல்செட் என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். இரும்பு அப்படியெல்லாம் காட்டிக்கொடுக்காது.

தண்ணீர் வழிகளை அடைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் அழுத்தம் ஏற்றி, கீழே காகிதம் விரித்துக் காத்திருந்தார். காகிதம் நனையவில்லை. ஆனால் கொட்டகையில் வெந்நீருக்குத் தாங்குவது வேறு, பாரத்தோடு மேட்டில் கொதிக்கும்போது தாங்குவது வேறு. ரப்பர் நாக்குகளை இழுத்து எடுத்து அலமாரியில் வைத்தபோது மனைவி வந்து பார்த்தாள்.

"மூணாவது மட்டும் என்ன, கடிச்சிக்கிட்ட மாதிரி வீங்கிக் கெடக்கு?"

"அது அப்படித்தான் இருக்கும்."

தம்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். அவன் வந்தான், ஹெட்டைத் தடவிப் பார்த்தான். "மாமா கை வச்சா சரியாத்தான்க்கா இருக்கும்" என்றான் அக்காவிடம். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் அவரைப்பற்றி இப்படி ஒன்றைச் சொல்லி அவர் கேட்டதில்லை. வாயைத் திறந்தார். இடைவெளி வழியாகக் காற்றுதான் வந்தது.

இன்று அந்தச் சனிக்கிழமை. காலையில் வேன் முழுப்பாரத்தோடு வாசலில் வந்து நின்றது, கரும்புகை இல்லை. "மேல போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன் மாமா" என்று சொல்லிவிட்டுத் தம்பி கிளம்பினான். பல்செட்காரர் கொட்டகைக்குள் போய், ஏற்கெனவே துடைத்திருந்த மேஜையைத் துடைத்தார். சீழ்க்கை சமையலறை வரைக்கும் கேட்டது.

போன் அடித்தது. தம்பிதான்.

சீக்கிரமே அடித்துவிட்டது. கிளம்பிய நேரத்தைப் பார்த்தால், பழைய வேகத்தில் வண்டி இப்போது பாதி மேட்டில்தான் இருக்கும். ஆகவே, ஒன்று வண்டி பறந்துபோய் மேலே சேர்ந்துவிட்டது. அல்லது பாதி மேட்டில் ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது. எடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். அதுதான் சிக்கல்.

துடைத்த மேஜைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"எடுங்களேன், தம்பியாத்தான் இருக்கும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதோ" என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பி அலமாரியிலிருந்து மூன்றாவது நாக்கை எடுத்தார். வீங்கியிருந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, விரலை எடுக்கவில்லை.