துருவ ஒளியும் எங்கள் வீட்டு ரேடியோவும்

எங்கள் வீட்டு ரேடியோ கரகரத்தால் அப்பா மலையைத்தான் திட்டுவார். வருகிற அலையை அது மறைக்கிறதாம். மலை எழுந்து வந்து மறுத்துப் பேசாது என்பதால் திருவண்ணாமலையில் பல பழிகள் அதன் தலையில்தான் விழும்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு வேர்க்கடலை மண்டி. அதில் உட்காரச் சொன்னதற்கு அவருடைய ஒரே மகன், என் அண்ணன், சொல்லிக்கொள்ளாமல் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். இனி அவன் பேச்சே எடுக்கக் கூடாது என்றார் அப்பா. வந்த கடிதங்களைப் பிரிக்காமலே கிழித்தார். பிடிவாதத்தில் அப்பனும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் வெந்தவள் அம்மா.

மூன்று வருஷம் கழித்து, அண்ணனின் சிநேகிதன் ஒருவன் வந்தான். ஏதோ துறைமுகத்திலிருந்து அண்ணன் அவனுக்கு ஒரு கார்டு போட்டிருந்தானாம். வரும் ஞாயிறு மாலை, வெளிநாட்டு வானொலி ஒன்றின் தமிழ் ஒலிபரப்பில் தான் அப்பாவுக்கு எழுதிய சேதியை வாசிப்பார்கள், கேட்கச் சொல் என்று. என்ன சேதி என்பது சிநேகிதனுக்கும் தெரியவில்லை. அம்மா இதை அப்பாவிடம் நேராகச் சொல்லவில்லை. அவர் சாப்பிடும்போது என்னைக் கூப்பிட்டு, அவர் காதில் விழுகிற மாதிரி என்னிடம் சொன்னாள். அப்பா மோர் கேட்டார், அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை அப்பாவே ரேடியோவைத் திருப்பினார். நிகழ்ச்சி தெளிவாகத்தான் தொடங்கியது. பிறகு அறிவிப்பாளரின் குரல் பொங்கி வந்தது, அமுங்கியது, மறுபடி பொங்கியது, கடைசியில் இரைச்சலுக்குள் முழுகிப்போனது. குரல் திரும்பியபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் ஒண்ணும் எழுதல. வேலையத்துப் போய் உக்காந்தோம்" என்றார் அப்பா. அன்றைக்கு மட்டும் அவர் மலையைத் திட்டவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து போனார்.

பிற்பாடு கல்லூரியில் இயற்பியல் படித்தேன். சிற்றலை ஒலிபரப்பு வெகு உயரத்தில் மின்னேறிய காற்றடுக்கில் பட்டுத்தான் நம்மிடம் திரும்பி வருகிறது. துருவத்தின் பக்கம் வானம் பச்சையாய் ஒளிவிடும் நேரங்களில் அங்கே பாயும் மின்சாரம் மேல்காற்றைச் சட்டென்று சூடேற்றுகிறது. சூடான காற்று உப்பி, பக்கத்துக் காற்றைத் தள்ள, அலைகள் கிளம்புகின்றன. பெரிய அலைகள் சில மணி நேரத்தில் நம் பக்கம் வரைக்கும்கூட வந்துவிடும். வருகிற வழியில் அந்த அடுக்கை ஏற்றி இறக்கும். அதை நம்பி வந்த குரலும் ஏறி இறங்கும். அன்றைக்கு அதுதான் நடந்தது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

அப்பா இறந்து, கருமாதியும் முடிந்த பிறகுதான் அண்ணன் வந்தான். அந்தச் சேதியில், மன்னித்துவிடுங்கள், ஊருக்கு வரட்டுமா என்று கேட்டு, பதில் போட விலாசமும் கொடுத்திருந்தானாம். அது இரைச்சலில் முழுகிப்போனதைச் சொன்னேன். "கேட்டுட்டும் பேசாம இருந்துட்டாருன்னு நினைச்சேன்" என்றான். அப்போது அவன் கப்பல் வடகோடிக் கடலில் இருந்தது. அந்த ஞாயிறுக்கு முந்தின ராத்திரி, நம் ஊரில் அது ஞாயிறு மதியம், வானம் முழுக்கப் பச்சை வெளிச்சம் ஆடியதாம். நல்ல சகுனம் என்று கையெடுத்துக் கும்பிட்டானாம். அந்த வெளிச்சத்தைப் பற்றி நான் படித்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரேடியோ கிட்டயாவது வந்தாரா?" என்று கேட்டான்.

அப்பா வீட்டில் சட்டை போடுகிறவரே இல்லை. யாராவது விருந்தாளி வந்தால்தான் ஆணியிலிருந்து சட்டையை எடுப்பார். அது அண்ணனுக்கும் தெரியும்.

"சட்டை போட்டுக்கினு உக்காந்திருந்தாருண்ணா" என்றேன்.

வந்ததிலிருந்து அழாமல் இருந்தவன் அப்போதுதான் அழுதான்.