ராசாத்தியைக் கூப்பிட்ட குரல்

பேத்தி வாசித்துக் காட்டிய கதைப்புத்தகத்தில் ஒரு பன்றிக்குட்டி அடுக்களைக்குள் புகுந்து மாவுப்பானையைக் கவிழ்த்துவிட்டு முழிக்கிறது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கோ புளித்த கழுநீர் வாடை வந்துவிட்டது.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஆள் நான். இன்று சங்கரன்கோவில் பஜாரில் என்னைத் தெரியாதவன் கிடையாது. என் மாடிக்கடை நிற்கிற இடத்தில்தான் என் சின்ன வயதில் எங்கள் பன்றிக்கொட்டடி இருந்தது. சேறும் தவிடும் பூக்கடைகளில் கழித்த செவ்வந்தியும் கலந்து மணக்கிற அந்த மூலையில் வளர்ந்த எங்கள் பன்றி ராசாத்தி, கொடியில் காயும் அப்பா வேட்டியை இழுத்துப்போட்டு அதன்மேல் படுக்கும், சர்ச்சுக்குக் கிளம்புகிறவர்களின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும், தெருவே துரத்தினாலும் சிக்காது, நான் தகரத்தைத் தட்டி "ராசாத்தி, வா மக்கா" என்றால் மட்டும் காதை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அப்பா வந்தார். "ஏலே, பன்னிக்கு ஊசி போட ஆள் வந்திருக்கு. நீ கூப்பிட்டாத்தான் வரும், கூப்பிடு."

"வலிக்குமாப்பா?"

"கொசு கடிச்ச மாதிரிதாம்ல இருக்கும்."

தட்டினேன். வந்தது. கொட்டடிக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் கயிற்றோடு பாய்ந்தார்கள்.

மதியம் அப்பா தேக்கிலையில் கூறு போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். ஈரலை என் தட்டில் வைத்து, "நல்லா வளத்திருக்கலே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எவ்வளவு பாசமாகக் கூப்பிட்டாலும், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் நான் பக்கத்தில் போனதில்லை.